பழைய பிளாஸ்மா டிவி போச்சு, 40 ஆயிரத்துல என்ன வாங்கலாம்?

வீட்ல இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒண்ணு இருந்தா போதும். மிக்ஸி ஓடலைன்னாலும் அதுகிட்டதான் கேப்பாங்க, வைஃபை வரலைன்னாலும் அதுகிட்டதான் கேப்பாங்க. சிவிலா, மெக்கானிக்கலா என்பதெல்லாம் கணக்கே இல்லை. அந்த வரிசையில் இப்போது பல வீடுகளில் வருகிற கேள்வி இது: "2010-ல ஆசைப்பட்டு வாங்கின பெரிய பிளாஸ்மா டிவி படுத்துடுச்சு. இப்ப கையில 40 ஆயிரம்தான் இருக்கு. எதை வாங்கலாம், பாத்துச் சொல்லு."

உடனே நாமும் மொபைலை எடுத்து, 55 இன்ச், 4கே, எச்டிஆர், கியூஎல்இடி என்று நாலு வார்த்தையைத் தேடி, ஸ்டார் ரேட்டிங் பார்த்து ஒன்றைக் கைகாட்டிவிடுவோம். டிவி வரும், மாட்டுவார்கள், பகலில் பளிச்சென்று இருக்கும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் படம் போட்டதும் அப்பா மெதுவாகச் சொல்வார்: "பழசுல இன்னும் நல்லா இருந்துச்சேடா."

அதை வயசான மனுஷனோட ஏக்கம்னு தள்ளிவிட முடியாது. அவர் சொல்வது அளந்து பார்க்கக்கூடிய உண்மை. விலை குறைந்த புது டிவி, பழைய உயர்ரக டிவியைச் சில விஷயங்களில் எளிதாக ஜெயிக்கும், சில விஷயங்களில் கிட்டவே வராது. எது எது என்று தெரிந்துகொண்டு போனால் அந்த 40 ஆயிரம் சரியான இடத்தில் விழும்.

அந்தப் பழைய டிவிக்குள் என்ன இருந்தது?

பிளாஸ்மா திரை என்பது லட்சக்கணக்கான குட்டி டியூப்லைட்டுகள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நியான், செனான் வாயுக் கலவை. மின்னழுத்தம் கொடுத்தால் வாயு பிளாஸ்மாவாகிப் புற ஊதாக் கதிரை வெளிவிடும். அது செல்லின் சுவரில் பூசிய சிவப்பு, பச்சை அல்லது நீல பாஸ்பரில் பட்டு நிறமாக ஒளிரும். 1964-லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், ஸ்லாட்டோ, வில்சன் என்ற மூன்று பேர் பிளேட்டோ என்கிற கணினிவழிக் கல்வித் திட்டத்துக்காக இதைக் கண்டுபிடித்தார்கள். வீட்டு டிவியாக அது வந்தது முப்பது வருஷம் கழித்துத்தான்.

இதில் முக்கியம், ஒவ்வொரு செல்லும் தன் வெளிச்சத்தைத் தானே உண்டாக்குகிறது. படத்தில் இருட்டு வேண்டும் என்றால் அந்த இடத்து செல் எரியாமல் இருந்தால் போதும். நம்ம ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், பிளாஸ்மா செல்லுக்கு ஆன், ஆஃப் இரண்டு நிலைதான்; நடுவில் மங்கல் என்று ஒன்று கிடையாது. ஒரு பிரேமைப் பத்து துணைப் புலங்களாகப் பிரித்து, எத்தனை புலத்தில் எரிகிறது என்பதை வைத்துப் பிரகாசத்தைக் கட்டுப்படுத்துவார்கள். பல்ஸ் விட்த் மாடுலேஷனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. பெட்டியில் '600 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தார்களே, அது 60 பிரேம் பெருக்கல் 10 புலம், அவ்வளவுதான்.

ஆனால் செல் சட்டென்று எரியத் தயாராக இருக்க, அவ்வப்போது சின்னதாக ஒரு மின்னிறக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் முழுக் கறுப்பிலும் ஒரு மெல்லிய ஒளி மிச்சம் இருக்கும். இதைக் குறைப்பதில்தான் உயர்ரகப் பிளாஸ்மாக்களின் போட்டியே நடந்தது. 2007-ல் பயனியர் நிறுவனம் கொண்டுவந்த வரிசைக்குப் பெயரே 'குரோ'. ஜப்பானிய மொழியில் கறுப்பு என்று அர்த்தம். படம் அவ்வளவு நன்றாக இருந்தும் 2009-ல் டிவி தொழிலையே விட்டு விலகுவதாக பயனியர் அறிவித்துவிட்டது. பானாசோனிக் 2013 கடைசி வரை பிளாஸ்மா பேனல் தயாரித்தது, அடுத்த வருஷம் சாம்சங்கும் எல்ஜியும் மூட்டை கட்டின. படம் சரியில்லை என்று யாரும் விடவில்லை. எல்சிடி விலை வேகமாக இறங்கியது. பிளாஸ்மா மின்சாரத்தைக் குடித்தது. கடையின் வெள்ளை விளக்குகளுக்கு நடுவில் எல்சிடி பளிச்சென்றும் பிளாஸ்மா மங்கலாகவும் தெரிந்தது. 4கே அளவுக்கு செல்லைச் சின்னதாக்கினால் வெளிச்சம் இன்னும் குறையும் என்ற சிக்கல் வேறு.

புதுப் பெட்டிக்குள் இருப்பது

கடையில் 'எல்இடி டிவி' என்று விற்பதெல்லாம் எல்சிடிதான். பின்னால் எல்இடி விளக்குகள், முன்னால் திரவப் படிகத் தடுப்பு. கியூஎல்இடி என்றாலும் கதை அதேதான். நடுவில் குவாண்டம் டாட் படலம் ஒன்று சேரும், நிறம் செழிப்பாகும். கறுப்புக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இந்தப் பெயரில் ஏமாறுகிறவர்கள் ரொம்பப் பேர். ஓஎல்இடிக்கும் கியூஎல்இடிக்கும் எழுத்தில் ஒரு சின்ன வித்தியாசம்தான், தொழில்நுட்பத்தில் சம்பந்தமே கிடையாது. ஓஎல்இடி பிளாஸ்மா மாதிரியே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. பழைய டிவியின் உண்மையான வாரிசு அதுதான். நம்ம 40 ஆயிரத்துக்கு அது எட்டாது.

எல்சிடியில் பின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வேண்டும் என்றால் படிகம் அந்த வெளிச்சத்தை மறைக்க வேண்டும். முழுசாக மறைக்க அதனால் முடியாது, கொஞ்சம் கசியும். கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியாக ஹால் வெளிச்சம் பெட்ரூமுக்குள் வருகிற மாதிரி. எவ்வளவு கசிகிறது என்பதுதான் கான்ட்ராஸ்ட் விகிதம். ஐபிஎஸ் வகைப் பேனலில் இது சுமார் 1000-க்கு 1. விஏ வகையில் 3000 முதல் 5000-க்கு 1. வெள்ளை 200 நிட் என்றால் ஐபிஎஸ்ஸின் கறுப்பு 0.2 நிட், நல்ல விஏவின் கறுப்பு 0.04 நிட். கடைசிக் காலத்து உயர்ரகப் பிளாஸ்மாவின் கறுப்பு ஆயிரத்தில் சில பங்கு நிட்தான். இருட்டறையில் அப்பாவின் கண் பார்த்தது இந்த வித்தியாசத்தை. ராத்திரிக் காட்சியில் வானம் சாம்பல் நிறத்தில் தெரிகிறது, படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள் தனியாக மினுக்குகின்றன.

இரண்டாவது இழப்பு, அசைவு. செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்தைப் பாருங்கள். ஒரு எழுத்து 1920 புள்ளி அகலத் திரையை இரண்டு வினாடியில் கடக்கிறது என்று வைப்போம். வினாடிக்கு 960 புள்ளி. 60 ஹெர்ட்ஸ் எல்சிடி ஒவ்வொரு பிரேமையும் அடுத்த பிரேம் வரும்வரை, அதாவது 16.7 மில்லி வினாடி, அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் கண்ணோ நிற்காமல் எழுத்தைத் தொடர்ந்து நகர்கிறது. விளைவு, விழித்திரையில் 16 புள்ளி அகலத்துக்கு இழுபடுகிறது. பிளாஸ்மா தொடர்ந்து எரிவதில்லை, அடித்து அடித்து அணைகிறது. அதன் வெளிச்சம் 5 மில்லி வினாடிக்குள் முடிந்தால் இழுபடல் 5 புள்ளிக்குள் அடங்கிவிடும். கிரிக்கெட்டில் கேமரா பந்தைத் துரத்தும்போது மைதானம் மெழுகிவிட்ட மாதிரி தெரிவது இதனால்தான். படிகம் திரும்ப எடுக்கும் தாமதம் இதற்கு மேல் தனி. இதைச் சரிசெய்ய டிவிக்காரர்கள் தரும் எம்ஈஎம்சி, இல்லாத பிரேம்களைக் கணக்குப் போட்டு நடுவில் செருகும். மேட்சுக்கு ஓரளவு உதவும். சினிமாவுக்குப் போட்டால் பெரிய பட்ஜெட் படமும் மத்தியான சீரியல் மாதிரி ஆகிவிடும், அணைத்து வையுங்கள்.

உண்மையிலேயே போச்சா?

வாங்கக் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. தன் பிளாஸ்மா பேனல் பாதி வெளிச்சத்துக்குக் குறைய ஒரு லட்சம் மணி நேரம் ஆகும் என்று பானாசோனிக் விளம்பரம் செய்தது. தினம் 8 மணி நேரம் என்றால் 34 வருஷம். விளம்பரத்தில் பாதியைத் தள்ளிவிட்டாலும் பேனல் இன்னும் சாகவில்லை. பழுதாவது பெரும்பாலும் பவர் சப்ளை போர்டில் உப்பிப்போன மின்தேக்கிகள், இல்லையென்றால் செல்களுக்கு அழுத்தம் கொடுக்கும் சஸ்டெயின் போர்டு. சிவப்பு விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்பதே சில மாடல்களில் பழுதின் குறியீடு. மின்தேக்கி மட்டும் என்றால் ரிப்பேர் செலவு சில நூறிலிருந்து ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாய்க்குள் முடியலாம். போர்டே போயிருந்தால் பழைய டிவியிலிருந்து கழற்றியதுதான் கிடைக்கும், அதற்கு ஆயுள் சொல்ல முடியாது. பேனல் உடைந்திருந்தால் பேச்சே இல்லை. ஒரு எச்சரிக்கை: "நானே பிரிச்சுப் பாக்குறேன்" என்று ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதீர்கள். உள்ளே 200 வோல்ட் அளவில் டிசி ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் நிற்கும். லேபில் வாங்கின ஷாக் எல்லாம் இதற்கு முன்னால் ஜுஜுபி.

'ஆப் எதுவும் ஓடலை, யூடியூப் வரலை' என்பதுதான் குறை என்றால் டிவியை மாற்றவே வேண்டாம். ஒரு எச்டிஎம்ஐ ஸ்டிக் செருகினால் முடிந்தது. பழைய டிவியின் மூளைக்குத்தான் வயசாயிருக்கு, கண்ணுக்கு இல்லை.

மாற்றுவதற்குச் சரியான காரணமும் இருக்கிறது: மின்சாரம். 50 இன்ச் பிளாஸ்மா சராசரியாக 300 வாட் எடுக்கிறது, புது எல்இடி 100 வாட் எடுக்கிறது என்று வைத்தால், தினம் 5 மணி நேரத்துக்கு மாதம் 30 யூனிட் மிச்சம். நம்ம ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் பில்லுக்கு 60 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் விதமே மாறிவிடும் என்பதால், 540, 550 என்று விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு இந்த 60 யூனிட் சாதாரண விஷயம் இல்லை.

இன்னொன்று, டிவியை எப்போது பார்க்கிறீர்கள்? ஜன்னல் திறந்த ஹாலில் பகல் முழுக்க சீரியலும் செய்தியும் ஓடும் வீடு என்றால் ஆழமான கறுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவதே எந்தக் கறுப்பையும் சாம்பலாக்கிவிடும். அங்கே சுமாரான புது எல்இடிகூட பிளாஸ்மாவை ஜெயிக்கும். விளக்கணைத்துப் படம் பார்க்கிற வீட்டுக்குத்தான் மேலே சொன்ன புலம்பல் எல்லாம்.

40 ஆயிரத்தை எங்கே போடுவது

முதலில் 4கே-வுக்காக ஒரு ரூபாயும் அதிகம் தராதீர்கள். 55 இன்ச் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அதில் முழு எச்டியின் 1920 புள்ளிகளை அடுக்கினால் ஒன்று 0.63 மி.மீ. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் குறைந்தபட்சக் கோணம் ஒரு ஆர்க் மினிட். கணக்குப் போட்டால் சுமார் 2.2 மீட்டர், அதாவது ஏழேகால் அடிக்கு அப்பால் அந்தப் புள்ளிகளையே தனித்தனியாகப் பார்க்க முடியாது. சோபா பத்தடி தள்ளி இருக்கிற வீட்டில் 4கே-வின் கூடுதல் புள்ளிகள் பக்கத்து வீட்டுப் பிரியாணி மாதிரி. இருக்கு என்று தெரியும், நமக்கு வராது. இந்த அளவில் இப்போது எல்லாமே 4கே-தான், தானாக வந்துவிடும்.

எச்டிஆர் முத்திரையும் அப்படித்தான். எச்டிஆர் படங்களைப் பொதுவாக 1000 நிட் உச்சத்துக்குத் தயார் செய்கிறார்கள். 250, 300 நிட் தாண்டாத டிவியும் அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டத்தான் முடியாது. பெட்டியில் போட்டிருப்பது 'எனக்கு அந்த பாஷை புரியும்' என்பது மட்டுமே.

பணம் போக வேண்டியது பின் விளக்குக்கு. விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் மங்கச் செய்வது லோக்கல் டிம்மிங். கறுப்பில் பழைய டிவியின் பக்கத்திலாவது போக எல்சிடிக்கு இருக்கிற முக்கியமான வழி இது. பகுதிகள் கூடக் கூட நல்லது. ரொம்பக் குறைவாக இருந்தால் நிலாவைச் சுற்றி ஒளிவட்டம் அசிங்கமாகத் தெரியும். மினி எல்இடி என்று விற்பது இதன் வளர்ந்த வடிவம். என் கருத்து: லோக்கல் டிம்மிங் இல்லாத 65 இன்ச்சைவிட, அது இருக்கிற 50 இன்ச் மேல். பெரிய சைஸ் ஆசை ரெண்டு வாரத்தில் பழகிவிடும், சாம்பல் நிற ராத்திரி தினமும் உறுத்தும்.

பட்ஜெட் அதற்கும் எட்டவில்லையா? விஏ பேனலாகப் பாருங்கள். ஒரே குறை, பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். கல்யாணக் கூட்டம் மாதிரி ஹால் முழுக்கப் பரவி உட்காரும் குடும்பம் என்றால் ஐபிஎஸ் எடுத்துவிட்டுக் கறுப்பை மறந்துவிடலாம். தொல்லை என்னவென்றால் எந்தப் பேனல் என்பதைப் பெரும்பாலும் பெட்டியில் போடமாட்டார்கள். ஒரே மாடலில் 43 இன்ச்சுக்கு ஒன்று, 55-க்கு வேறொன்று என்றுகூட வரும். அதனால் வாங்கப் போகிற அதே சைஸை நேரில் பாருங்கள்.

வரியிலும் ஒரு சின்ன உதவி கிடைத்திருக்கிறது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அடிப்படை விலை மாறாவிட்டால், முன்பு 40 ஆயிரத்துக்கு விற்றது சுமார் 36,900 ஆகும். அந்த மிச்சத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். தடிமனான பழைய டிவியின் ஸ்பீக்கருக்கு மூச்சுவிட இடம் இருந்தது. புது டிவியில் அது கீழே பார்த்து முனகும். வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் இருந்தால் புது டிவியில் ஆப்டிகல் அல்லது ஏஆர்சி வெளியீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"செகண்ட் ஹேண்ட்ல ஓஎல்இடி கிடைக்குதே?" கிடைக்கும், ஆசையும் வரும். நாள் முழுக்க ஒரே சேனல் ஓடிய வீட்டிலிருந்து வந்ததாக இருந்தால் அந்த சேனலின் லோகோ திரையில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். முழுத் திரையில் சிவப்பு, சாம்பல் நிறப் படங்களைப் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாரன்டியும் இல்லாமல் கையிருப்பு முழுவதையும் அதில் போடச் சொல்லி வீட்டுக்கு ஆலோசனை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடையில்

கடையில் எல்லா டிவியும் டெமோ மோடில், கண்ணைப் பறிக்கும் நிறத்தில், மீனும் பூவுமாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பென் டிரைவில் மூன்று கிளிப் போட்டுக்கொண்டு போங்கள்: ஒரு படத்தின் ராத்திரிக் காட்சி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நகரும் எண்ட் டைட்டில், கொஞ்சம் கிரிக்கெட். விற்பனையாளரிடம் "அண்ணே, மூவி மோட் போடுங்க" என்று கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், வெட்கப்படாதீங்க.

வெள்ளை எழுத்து ஓடும்போது மூலையில் வெறும் கறுப்பு எப்படி இருக்கிறது என்று கையால் கடை வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மட்டும் ஒளி மேகம் கூடவே நகர்ந்தால் லோக்கல் டிம்மிங் இருக்கிறது. எழுத்து வரும்போது முழுத் திரையும் சேர்ந்து ஏறி, போனதும் சேர்ந்து இறங்கினால் பின் விளக்கை மொத்தமாகத்தான் மாற்றுகிறார்கள். எதுவுமே மாறாமல் ஒரே சாம்பல் என்றால் டிம்மிங்கே இல்லை. அப்புறம் பக்கவாட்டில் ரெண்டடி நகர்ந்து பாருங்கள்; நிறம் சட்டென்று வெளுத்தால் பெரும்பாலும் விஏ. அந்த பிராண்டுக்கு உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா என்று கேட்கவும் மறக்காதீர்கள். மாவட்டத் தலைநகரில்கூட இல்லாத பிராண்டுகள் ஆன்லைனில் நிறைய.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு வேலை. பின் விளக்கின் அளவு பெரும்பாலும் உச்சத்திலேயே இருக்கும், அதைக் குறையுங்கள். விலை குறைந்த டிவிகளில் அடிக்கடி போவது எல்இடி பட்டைகள்தான், காரணம் சூடு. உச்சத்தில் ஓட்டாமல் இருந்தால் ராத்திரியில் கறுப்பும் கொஞ்சம் இறங்கும், பட்டையும் நாள்பட உழைக்கும். அடுத்தது, டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான வெள்ளை எல்இடி ஸ்ட்ரிப் ஒன்று ஒட்டுங்கள். சுற்றி லேசான வெளிச்சம் இருக்கும்போது கண்ணின் கருவிழிப் பாவை சுருங்கும், அந்தச் சாம்பல் கறுப்பாகத் தெரியும். சில நூறு ரூபாயில் கிடைக்கிற மிகப் பெரிய முன்னேற்றம் இது. கலர் கலராக மாறும் ஸ்ட்ரிப் வேண்டாம், படத்தின் நிறத்தையே கெடுக்கும்.

பழைய டிவியைக் கடைக்காரர் எக்சேஞ்சில் எடுத்தால் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்துக்கு அனுப்புங்கள், தெருவில் வரும் பழைய சாமான் வண்டியில் ஏற்ற வேண்டாம். 25, 30 கிலோ கண்ணாடி அது. சுவரிலிருந்து இறக்கும்போது ரெண்டு பேர் பிடிங்க, நேராக நிறுத்தியபடியே தூக்குங்க.